சிறுதுளை ரைபிளும் உந்துமருந்துத் தேர்வும்: ஒரு வரலாற்று நோக்கு (1886–1967)

ஆய்வுச் சுருக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் காலாட்படை ரைபிளின் குழல் விட்டம் 11 மில்லிமீட்டர் அளவிலிருந்து 8 மில்லிமீட்டருக்கும் அதற்குக் கீழும் குறைந்தது. புகையிலா மருந்தின் வருகையே இம்மாற்றத்தை முழுமையாக்கியது. எனினும், போர்க்கருவிகளின் வரலாறு பெரும்பாலும் துப்பாக்கியின் வரலாறாகவே எழுதப்படுகிறது. அதன் உள்ளே எரியும் மருந்து துணைப்பொருளாகக் கருதப்படுகிறது. பிரான்சின் லெபெல், பிரித்தானியாவின் லீ-மெட்ஃபோர்டு, அமெரிக்காவின் எம்-16 ஆகிய மூன்று ரைபிள்களை எடுத்துக்கொண்டு, மருந்தைத் தேர்ந்தெடுத்தல் என்பது துப்பாக்கி வடிவமைப்பின் ஒரு கூறே என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. தமக்கான தோட்டாவைத் தாமே நிரப்பிக்கொள்ளும் தனியாட்களின் நடைமுறை அறிவும் நீலகிரி அருவங்காட்டுக் கார்டைட் தொழிற்சாலையின் இடமும் உடன் கருதப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: உந்துமருந்து, சிறுதுளை ரைபிள், கார்டைட், அருவங்காடு, எம்-16, தோட்டா நிரப்புதல்.

முன்னுரை

அருங்காட்சியகங்களில் துப்பாக்கிகள் அணிவகுத்து நிற்கின்றன. அவற்றை இயக்கிய மருந்து அங்கே இல்லை. அது எரிந்து மறைந்துவிட்டது. எஞ்சிய பொருளைக் கொண்டே வரலாறு எழுதும் பழக்கம் நம்மிடம் இருப்பதால், எரிந்து மறைந்த பொருள் வரலாற்றிலிருந்தும் மறைந்துபோவது இயல்பாகிறது. ஆனால் ஒரு ரைபிள் நன்கு சுட்டதா, பழுதுற்றதா, அதை ஏந்தியவரைக் காத்ததா கைவிட்டதா என்னும் வினாக்களுக்கு விடை பல வேளைகளில் அந்த மறைந்த பொருளிலேயே இருக்கிறது.

இக்கட்டுரையில் ‘உந்துமருந்து’ என்பது தோட்டாக் கூட்டினுள் எரிந்து, வாயுவாக விரிந்து, குண்டைக் குழல்வழியே தள்ளும் பொருளைக் குறிக்கும். ‘சிறுதுளை ரைபிள்’ என்பது ஏறத்தாழ 8 மில்லிமீட்டரும் அதற்குக் குறைந்த விட்டமும் கொண்ட, உட்புறத்தில் சுழல்வரிப் பள்ளங்கள் வெட்டப்பட்ட துப்பாக்கியைக் குறிக்கும். ‘இந்த மருந்து நல்லதா?’ என்று மருந்தை மட்டும் நோக்கிக் கேட்கும் வினா முழுமையற்றது. ‘இந்தக் கூட்டிற்கும் இந்தக் குண்டிற்கும் இந்தக் குழலுக்கும் இந்தப் பொறியமைப்பிற்கும் இது ஏற்றதா?’ என்பதே பொருளுள்ள வினா. முதல் வினாவை மட்டும் கேட்டு நின்ற அமைப்புகள் கொடுத்த விலையே இங்கு ஆராயப்படுகிறது.

கருமருந்தின் எல்லை

வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்னும் விகிதத்தை ஒட்டிய கருமருந்து, ஐரோப்பியப் படைகளில் பல நூற்றாண்டுகள் கோலோச்சியது. அது எரியும்போது எடையில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி வாயுவாக மாறாமல் திடப்பொருளாகவே எஞ்சுகிறது. புகையாக வெளியேறுவது ஒரு பகுதி. குழலின் சுவரில் கசடாகப் படிவது மற்றொரு பகுதி. 1871இல் பிரித்தானியப் படை ஏற்ற மார்ட்டினி-ஹென்றி ரைபிளின் விட்டம் 0.45 அங்குலம், அதன் குண்டு விநாடிக்கு ஏறத்தாழ 1,350 அடி வேகத்தில் வெளியேறியது. வேகம் குறைவாக இருந்ததால், தாக்கும் ஆற்றலைப் பெற எடைமிக்க பெரிய குண்டு தேவைப்பட்டது.

குழலைச் சிறிதாக்கினால் குண்டு இலேசாகும், வேகம் கூடும், வீரர் மிகுதியான தோட்டாக்களைச் சுமக்கலாம் என்பதைப் பொறியாளர்கள் அறிந்தே இருந்தனர். சுவிட்சர்லாந்தின் எட்வர்ட் ரூபின் 1880களில் செம்பு உறையிட்ட சிறு குண்டுகளைக் கொண்டு இத்திசையில் சோதனைகள் நடத்தினார். வெறும் ஈயக் குண்டு மிகுந்த வேகத்தில் சுழல்வரிகளைப் பற்றிக்கொள்ளாமல் வழுக்கிச் சிதையும். உறை அக்குறையைத் தீர்த்தது. ஆனால் கருமருந்து விடும் கசடு குறுகிய குழலை விரைவில் அடைத்துவிடும் என்னும் தடை நீங்கவில்லை. குண்டும் குழலும் அணியமாக இருந்தன, மருந்துதான் இல்லை.

லெபெல்: மருந்துக்காக விரைந்து செய்த ரைபிள்

பாசல் நகரில் கிறிஸ்டியன் ஷோன்பைன் 1846இல் அறிவித்த வெடிபஞ்சு, புகையின்றி எரியும் ஆற்றலைக் காட்டியது. ஆயினும் அதன் நார்த்தன்மை காரணமாகத் தீ ஒரே நொடியில் உட்புறமெங்கும் பரவியது. துப்பாக்கிக்கு வேண்டிய கட்டுப்பாடான எரிதல் அதில் இல்லை. 1847இல் இங்கிலாந்தின் ஃபேவர்ஷாம் ஆலையில் நிகழ்ந்த வெடிப்பு அதன் ஆபத்தையும் உணர்த்தியது.

பிரான்சின் பால் வியேய் 1884இல் இச்சிக்கலைத் தீர்த்தார். ஈதரும் ஆல்கஹாலும் கலந்த கரைப்பானில் வெடிபஞ்சைக் கூழாக்கி, தகடாக உருட்டி, சிறு துண்டுகளாக வெட்டி உலர்த்தினார். நார் அழிந்து, கொம்பு போன்ற அடர்ந்த பொருள் கிடைத்தது. அது மேற்பரப்பிலிருந்து அடுக்கடுக்காக உள்நோக்கியே எரியும். எனவே துண்டின் தடிமனையும் வடிவத்தையும் மாற்றினால் எரியும் காலத்தை மாற்றலாம். எரிதலை வடிவத்தால் ஆளும் இம்முறையே அவருடைய கண்டுபிடிப்பின் உயிர்நிலை. புகையின்மை அதனுடன் வந்த மற்றொரு பயன்.

போர் அமைச்சராக 1886 தொடக்கத்தில் பொறுப்பேற்ற தளபதி புலான்ஷே, இம்மருந்துக்கு ஏற்ற ரைபிளை உடனே உருவாக்குமாறு நெருக்கினார். அவ்வாண்டிலேயே 8 மில்லிமீட்டர் லெபெல் ரைபிள் ஏற்கப்பட்டது. விரைவின் பொருட்டு, பழைய 11 மில்லிமீட்டர் கிரா தோட்டாவின் அடிப்பகுதியையே வைத்துக்கொண்டு கழுத்தைச் சுருக்கினர். அடி பருத்து, மேல்நோக்கி இருமுறை கூம்பிய அந்தக் கூடு, பின்னர் வந்த பெட்டிவகைத் தோட்டா அறைகளுக்கும் இயந்திரத் துப்பாக்கிகளுக்கும் பொருந்தாது பிரெஞ்சுப் படையைப் பல ஆண்டுகள் துன்புறுத்தியது. முதல் உலகப்போரில் பயன்பட்ட ஷோஷா இலகு இயந்திரத் துப்பாக்கியின் அரைவட்டத் தோட்டாப்பெட்டி அக்கூட்டின் கூம்பு வடிவத்தால் விளைந்ததே. இங்கு மருந்து புதியது, கூடு பழையது. பொருத்தத்தில் ஓர் உறுப்பு பின்தங்கினாலும் முழு அமைப்பும் அதன் சுமையைத் தாங்குகிறது என்பதற்கு இது முதற்சான்று.

லீ-மெட்ஃபோர்டும் கார்டைட்டும்

பிரான்சின் முன்னேற்றம் கண்ட பிரித்தானியா, 1888 டிசம்பரில் 0.303 அங்குல லீ-மெட்ஃபோர்டு ரைபிளை ஏற்றது. அப்போது அதனிடம் நம்பத்தக்க புகையிலா மருந்து இல்லை. ஆகவே அழுத்திக் கட்டியாக்கி, நடுவே துளையிட்ட கருமருந்தே அத்தோட்டாவில் இடப்பட்டது. குழலின் உட்புறத்தை வில்லியம் மெட்ஃபோர்டு வகுத்திருந்தார். ஆழமற்ற, விளிம்பு மழுங்கிய ஏழு பள்ளங்கள் கொண்ட அவ்வமைப்பில் கசடு தங்க மூலைகள் இல்லை, துடைப்பதும் எளிது. கருமருந்தை எண்ணிப் பார்த்தால் இது நுட்பமான வடிவமைப்பு.

இதே காலத்தில் ஆல்ஃபிரட் நோபல், நைட்ரோகிளிசரினையும் வெடிபஞ்சையும் இணைத்து 1887இல் பாலிஸ்டைட்டை உருவாக்கியிருந்தார். பிரித்தானிய அரசின் வெடிபொருட்குழுவில் இருந்த ஃபிரெடரிக் ஏபலும் ஜேம்ஸ் திவாரும் 1889இல் கார்டைட்டுக்குக் காப்புரிமை பெற்றனர். நைட்ரோகிளிசரின் 58, வெடிபஞ்சு 37, கனிமக் களிம்பு 5 என்பது அதன் நூற்றுவீதம். அசிட்டோனில் கூழாக்கிய கலவையைத் துளைவழியே பிதுக்கிக் கயிறு போன்ற இழைகளாக எடுத்ததால் அதற்கு அப்பெயர் வாய்த்தது. நோபல் தொடுத்த காப்புரிமை வழக்கு 1895இல் பிரபுக்கள் அவை வரை சென்று தோல்வியில் முடிந்தது. குழலுக்கு வழவழப்புத் தரும் என்று கருதிச் சேர்த்த கனிமக் களிம்பு, மருந்து சிதையாமல் காக்கும் நிலைநிறுத்தியாகச் செயல்பட்டது பின்னரே அறியப்பட்டது. ஒரு காரணத்துக்காகத் தேர்ந்த பொருள் வேறொரு காரணத்தால் பயன்தந்த நிகழ்வு இது.

1890களின் தொடக்கத்தில் கார்டைட் தோட்டாக்கள் படைக்கு வந்தன. குண்டின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 1,970 அடியாயிற்று. அதிகபட்ச அழுத்தமும் ரைபிள் தாங்கும் எல்லைக்குள்ளேயே இருந்தது. ஆனால் யாரும் முதலில் அளவிட நினையாத மூன்றாவது கூறு ஒன்று வெளிப்பட்டது: வெப்பம். நைட்ரோகிளிசரின் மிகுந்த கார்டைட் மிக உயர்ந்த வெப்பநிலையில் எரிந்து, குழலின் தொடக்கப் பகுதியை அரித்தது. மெட்ஃபோர்டின் ஆழமற்ற பள்ளங்கள் கசடுக்கு எதிராக வகுக்கப்பட்டவை. வெப்ப அரிப்புக்கு எதிராக அல்ல. அவை விரைவில் தேய்ந்தன. 1895இல் ஆழமான, விளிம்பு கூரிய ஐந்து பள்ளங்களைக் கொண்ட என்ஃபீல்டு வகைக் குழல் இடம்பெற, அதே பொறியமைப்பு லீ-என்ஃபீல்டு என்னும் பெயர் பெற்றது. உலகறிந்த ஒரு ரைபிளின் பெயரில் பாதி, மருந்து மாறியதன் தடயமாகவே நிற்கிறது.

மாற்றம் மருந்தின் பக்கமும் நிகழ்ந்தது. 1901இல் வந்த திருத்தக் கார்டைட்டில் நைட்ரோகிளிசரின் 30 விழுக்காடாகக் குறைக்கப்பட்டு, வெடிபஞ்சு 65 ஆக உயர்த்தப்பட்டது. பின்னர் ரைபிளுக்கெனக் குழாய் வடிவ இழைகள் செய்யப்பட்டன. திண்ணிய இழை எரிய எரிய அதன் மேற்பரப்பு சுருங்கி, வாயு உண்டாகும் வேகம் குறையும். குழாய் வடிவத்திலோ வெளிப்பரப்பு சுருங்கும் அளவுக்கு உட்பரப்பு விரிவதால் எரிதல் ஏறத்தாழச் சீராக நிகழும். வேதியியலும் வடிவியலும் சேர்ந்தே ‘ஏற்ற மருந்து’ உருவாயிற்று.

அருவங்காடு

இவ்வரலாற்றின் ஒரு பகுதி தமிழ் மண்ணிலும் நிகழ்ந்தது. 1903–04 ஆண்டுகளில் நீலகிரியில் குன்னூருக்கும் உதகைக்கும் இடையே அருவங்காட்டில் கார்டைட் தொழிற்சாலை அமைந்தது. வெலிங்டன் படைமுகாம் அருகில் இருந்தது. மலைக்காற்றின் குளிர்ச்சி இருந்தது. காட்டேரி அருவியின் நீர்விசையிலிருந்து மின்சாரம் கிடைத்தது. நைட்ரோகிளிசரின் சார்ந்த மருந்து வெப்பத்தில் விரைந்து சிதையும் இயல்புடையது என்பதை நினைத்தால், சமவெளியின் கோடைக்கு எட்டாத அவ்விடத்தின் பொருத்தம் விளங்கும். இலண்டனில் முடிவான ஒரு மருந்துக் கலவை, நீலகிரியின் ஒரு பள்ளத்தாக்கில் நூற்றாண்டைக் கடந்த தொழிற்குடியிருப்பை உருவாக்கியது. 2021 முதல் மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின்கீழ் இயங்கும் அத்தொழிற்சாலை இன்றும் கார்டைட் என்னும் பெயரையே தாங்கி நிற்கிறது. காலனிய நீலகிரியின் வரலாற்றைத் தேயிலை, சிங்கோனா, கோடைவாசம் என்னும் வரிசையில் மட்டும் எழுதுவது போதாது. உந்துமருந்தும் அவ்வரிசையில் இடம்பெற வேண்டும்.

தாமே தோட்டா நிரப்புவோரின் நடைமுறை

படைத்துறைக்கு வெளியே, குறிப்பாக அமெரிக்காவில், சுட்ட பித்தளைக் கூட்டை வீசிவிடாமல் அதில் புதிய பற்றுமருந்தும் உந்துமருந்தும் குண்டும் தாமே இட்டு நிரப்பும் வழக்கம் வேரூன்றியது. இதற்கான கருவிகளை விற்ற ஐடியல் நிறுவனத்தை ஜான் பார்லோ 1884இல் தொடங்கினார். அதன் கையேடுகள் பல பதிப்புகள் கண்டன.

கருமருந்துக் காலத்தில் இவர்கள் சிறு கிண்ணத்தால் அளந்து இட்டனர். புகையிலா மருந்து வந்தபோது இருவகைகள் சந்தையில் இருந்தன. ஒன்று, கருமருந்தின் கொள்ளளவுக்கே இட்டு நிரப்பும்படி இலேசாகச் செய்த பருமன்வகை. மற்றொன்று, எடையால் மட்டுமே அளக்கத்தக்க அடர்வகை. அடர்வகையைப் பழைய கிண்ணத்தால் அளந்தவர் கையில் துப்பாக்கி வெடிக்க நேரிடும். ஆகவே, மருந்தின் பெயரை அறிவது போதாது, அதன் எரியும் இயல்பை அறிய வேண்டும் என்னும் பாடத்தை இவர்கள் தம் கைவிரல்களைப் பணயம் வைத்துக் கற்றனர்.

குழல் சிறுக்கச் சிறுக்க இந்த அறிவு இன்றியமையாததாயிற்று. குறுகிய துளையில் குண்டு நகர்ந்தாலும் பின்னே விரியும் இடம் சிறிதே. விரைந்து எரியும் மருந்தானால் அழுத்தம் சட்டென உச்சிக்குப் பாயும். பெரிய கூடும் சிறு துளையும் சேருமிடத்தில் மெதுவாக எரியும் மருந்து வேண்டும். சிறிய கூட்டிற்கு ஓரளவு விரைந்து எரிவது வேண்டும். 1930இல் விற்பனைக்கு வந்த .22 ஹார்னெட், 1935இல் வந்த .220 ஸ்விஃப்ட், 1950இல் ரெமிங்டன் நிறுவனத்தின் மைக் வாக்கர் வடிவமைத்த .222 ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஒரே விட்டக் குண்டைச் சுட்டாலும், கூட்டின் அளவு வேறுபடுவதால் வெவ்வேறு மருந்துகளைக் கோரின. விநாடிக்கு 4,000 அடியைத் தாண்டிய ஸ்விஃப்ட், குழலை விரைந்து தேய்ப்பது என்னும் பெயரையும் ஈட்டியது. கார்டைட்டின் பழைய பாடம் அங்கே மீண்டும் ஒலித்தது.

இன்னொரு வேறுபாடும் கருதத்தக்கது. தொழிற்சாலைக்குச் செல்லும் மருந்து தொகுதிக்குத் தொகுதி சிறிது வேறுபடும். தொழிற்சாலை ஒவ்வொரு தொகுதியையும் அழுத்தமானித் துப்பாக்கியில் சுட்டு, இடும் அளவைத் திருத்திக்கொள்ளும். தனியாளிடம் அக்கருவி இல்லை. எனவே சில்லறையாக விற்கப்படும் மருந்து, அச்சிட்ட அட்டவணைக்கு ஒத்துவரும்படி கலந்து சீராக்கப்படுகிறது. அட்டவணையின் குறைந்த அளவிலிருந்து தொடங்குதல், ஒரு நேரத்தில் ஓர் உறுப்பை மட்டும் மாற்றுதல், ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் கூட்டையும் குழலையும் ஆராய்தல் ஆகியன இவர்களின் ஒழுங்காயின. இது எளியோரின் சோதனைமுறை, எனினும் சோதனைமுறையே.

எம்-16: 1964ஆம் ஆண்டின் மாற்றம்

அந்த .222 தோட்டாவை நீட்டித்தே 1950களின் இறுதியில் 5.56 மில்லிமீட்டர் தோட்டா உருவாயிற்று. அதற்கென யூஜின் ஸ்டோனர் வடிவமைப்பின்வழி வந்த ஏ.ஆர்.-15 ரைபிளே பின்னர் எம்-16 ஆயிற்று. குழலிலுள்ள ஒரு சிறு துளைவழியே வாயுவின் ஒரு பகுதியைப் பிரித்து, மெல்லிய குழாயில் பின்னோக்கிச் செலுத்தி, பூட்டுப்பொறியை இயக்குவது அதன் அமைப்பு. வடிவமைப்பும் தொடக்கச் சோதனைகளும் டூபான் நிறுவனத்தின் ஐ.எம்.ஆர். 4475 என்னும் மருந்தைக் கொண்டே நடந்தன. அது நைட்ரோசெல்லுலோசை அடிப்படையாகக் கொண்ட, பிதுக்கி எடுத்த குறுணை மருந்து.

படைத்துறை இரு எண்களை விதித்தது: குண்டின் வேகம் விநாடிக்கு 3,250 அடி, அறையின் அழுத்தம் சதுர அங்குலத்திற்கு 52,000 பவுண்டுக்கு மிகாமை. ஐ.எம்.ஆர். 4475 கொண்டு இவ்விரண்டையும் பேரளவு உற்பத்தியில் ஒருங்கே காப்பது அரிது எனத் தோட்டா உற்பத்தியாளர்கள் கூறினர். 1964இல் ஓலின் நிறுவனத்தின் டபிள்யூ.சி. 846 என்னும் உருண்டை மருந்து ஏற்கப்பட்டது. அது நைட்ரோகிளிசரினும் சேர்ந்த இரட்டைவகை. உருண்டை எரிய எரிய மேற்பரப்பு சுருங்கும் என்பதால், தொடக்க எரிதலைத் தணிக்கும் மேற்பூச்சு அதற்கு உண்டு. உற்பத்தியில் எஞ்சும் அமிலத்தை நீக்கக் கால்சியம் கார்பனேட்டும் சேர்க்கப்பட்டிருந்தது.

இரு எண்களும் நிறைவேறின. ஆனால் இவ்விரு எண்களும் ரைபிள் முழுவதையும் விவரிக்கவில்லை. புதிய மருந்தின் அழுத்தம் உச்சியில் அடங்கியிருந்தாலும், வாயுத்துளையின் அருகே முந்தைய மருந்தினதைவிட மிகுந்திருந்தது. பூட்டுப்பொறி வேகமாகப் பின்னோடியது. நிமிடத்திற்கு 850 என்னும் உச்சவரம்பைத் தாண்டிச் சுடும் வீதம் 1,000 வரை சென்றது. கூடு அறையை விட்டு இளகுமுன்பே அதை இழுக்கும் நிலை உருவாகி, கூடு உள்ளேயே சிக்கியது. கால்சியம் கார்பனேட்டின் படிவு வாயுக்குழாயில் கசடாய்ச் சேர்ந்தது. இவற்றோடு, குரோமியப் பூச்சில்லாத அறை வியட்நாமின் ஈரத்தில் துருவேறியதும், துடைக்கும் கருவிகள் போதிய அளவில் வழங்கப்படாததும் சேர்ந்தன. மருந்து மட்டுமே காரணம் என்று கூறுவது மிகையாகும்; ஆனால் ஏனைய குறைகளைப் பொறுத்துக்கொள்ளும் இடைவெளியை மருந்து மாற்றம் பறித்துவிட்டது.

இவ்வரலாற்றில் மிகவும் வருத்தம் தருவது சோதனைமுறையில் நேர்ந்த பிளவு. உருண்டை மருந்துத் தோட்டாவைச் சுட்டால் ரைபிள்கள் சுடும் வீத வரம்பை மீறுகின்றன என்பதால், தொழிற்சாலையின் ஏற்புச் சோதனையில் வேறு மருந்திட்ட தோட்டாக்களைப் பயன்படுத்த அனுமதி தரப்பட்டது. களத்துக்கோ உருண்டை மருந்துத் தோட்டாக்களே சென்றன. சோதித்த பொருள் ஒன்று. வீரர் கையில் இருந்த பொருள் மற்றொன்று. 1967இல் கெசானை ஒட்டிய குன்றுகளில் நடந்த சண்டைகளுக்குப் பிறகு, ரைபிள் சிக்கியதால் தோழர்கள் மாண்டனர் என்று வீரர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களையும் செய்தித்தாள்களையும் எட்டின. ரிச்சர்டு ஐகார்டு தலைமையிலான பிரதிநிதிகள் அவையின் துணைக்குழு விசாரித்து, அவ்வாண்டு அக்டோபரில் அறிக்கை அளித்தது. 1964ஆம் ஆண்டின் மருந்து மாற்றத்துக்குப் போதிய சோதனைச் சான்று இல்லை என்பது அதன் முதன்மையான முடிவுகளுள் ஒன்று.

பின்னரும் உருண்டை மருந்து கைவிடப்படவில்லை. பூட்டுப்பொறியின் வேகத்தைத் தணிக்கும் தாங்கி மாற்றப்பட்டது. அறைக்குக் குரோமியப் பூச்சு வந்தது. மருந்தில் கால்சியம் கார்பனேட்டின் அளவு குறைக்கப்பட்டது. இவ்வாறு ரைபிளும் மருந்தும் ஒன்றற்கொன்று பொருந்தி வந்தபின் எம்-16 நம்பத்தக்க கருவியாயிற்று.

ஒப்பீடு

லீ-மெட்ஃபோர்டும் எம்-16உம் ஒரே வடிவிலான நிகழ்வுகள். இரண்டிலும் ரைபிள் ஒரு மருந்தை எண்ணி வடிவமைக்கப்பட்டது. பின்னர் வேறொரு மருந்து ஊட்டப்பட்டது. இரண்டிலும் விதிக்கப்பட்ட அளவுகளைப் புதிய மருந்து நிறைவேற்றியது; விதிக்கப்படாத ஓர் அளவே கேட்டை விளைத்தது. முன்னதில் அது வெப்பம். பின்னதில் வாயுத்துளை அழுத்தமும் கசடும். இரண்டிலும் இறுதியில் ரைபிளே மருந்துக்கேற்ப மாற்றப்பட்டது.

வேறுபாடு விலையில் உள்ளது. 1890களில் கைவிட வேண்டியிருந்தது குழல்களை மட்டுமே. கையால் இயக்கும் ரைபிள் தேய்ந்த குழலுடனும் சுடும். 1960களில் பொறியை இயக்குவதே மருந்தின் வாயுவாக இருந்தது. ஆகவே மருந்தில் நேர்ந்த பிழை ரைபிளையே நிறுத்தியது. கருவி தானியங்கியாக ஆக ஆக, மருந்துத் தேர்வின் பிழையைப் பொறுக்கும் அதன் ஆற்றல் குறைகிறது என்பது இவ்வொப்பீட்டில் கிடைக்கும் முடிபு.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, உந்துமருந்து ரைபிளுக்கு வெளியிலிருந்து வரும் நுகர்பொருள் அன்று. அது அதன் உறுப்பு. இரண்டாவது, விவரக்குறிப்பில் எழுதப்பட்ட எண்கள் நிறைவேறுவது பொருத்தத்துக்குப் போதிய சான்றாகாது. எழுதப்படாத எண்களையும் சோதனையே வெளிக்கொணரும். மூன்றாவது, ஒரு நேரத்தில் ஓர் உறுப்பை மட்டும் மாற்றி, மாற்றியதை மாற்றிய கருவியிலேயே சோதிக்கும் ஒழுங்கைப் பட்டறை மேசையில் தோட்டா நிரப்பியோர் பேணினர்; பெரும் நிறுவனங்கள் விரைவின் பெயரால் அதைத் தளர்த்தின. அத்தளர்வின் விலையைக் கொடுத்தவர்கள் முடிவெடுக்கும் அறையில் இருந்தவர்கள் அல்லர்.

துப்பாக்கியின் வரலாற்றை எழுதுவோர் அதன் மருந்தின் வரலாற்றையும் உடன் எழுத வேண்டும். நம்மவர்க்கு அப்பணி தொலைவில் இல்லை. அருவங்காட்டின் நூற்றாண்டுத் தொழில்வாழ்வும் தொழிலாளர் வரலாறும் உந்துமருந்து வரலாற்றின் பகுதியாகத் தமிழில் விரிவாக ஆராயப்படத் தக்கவை.